ஞாயிற்றுக்கிழமை எடை

ஜூன் 29, ஞாயிறு

கோழி சராசரி 1,480 கிராம். பாவாத்தாள் 41 கிலோ. இரண்டுமே குறைவு.

இந்த டைரி தீவனக் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுப்பது. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு கோழிப் படம். அவ்வளவு கொழுத்த கோழி முட்டையும் போடாது, ஒரு மண்ணும் போடாது என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு அடுத்த வருடமும் அதே படத்தைப் போட்டான். இதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி எடை மட்டும் எழுதிவந்தேன். இனி வீட்டுக்காரி எடையும் எழுத வேண்டும். டாக்டர் உத்தரவு.

வியாழக்கிழமை சேலத்தில் டாக்டர் சொன்னது இதுதான். வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் இந்த உடம்பு ஆப்ரேஷனைத் தாங்காது. நாற்பத்தாறு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பார்த்துவிட்டு நாள் குறிக்கலாம். பாவாத்தாள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது. ஐந்து கிலோதானே! இளைத்ததை எடைக்குக் கொண்டுவருவது இருபத்தைந்து வருடமாக நான் பார்க்கிற வேலை. டாக்டர் தெரியாமலே சரியான ஆளிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பண்ணையைப் பண்ணை என்று சொன்னால் நாமக்கல் பெரிய பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள். பரமத்திப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கொட்டகை, கூண்டு வரிசைகளில் வெள்ளைக் கோழிகள், நாங்கள் இரண்டு பேர். ஆனால் எடை பார்ப்பதில் எவனும் என்னிடம் வாலாட்ட முடியாது. காலையில் தீவனம் வைக்கும் முன் பார்க்க வேண்டும். கைக்கு எட்டிய கூண்டிலேயே எடுக்கக் கூடாது. வாசல் பக்கத்துக் கோழிக்குத் தீவனம் முதலில் கிடைக்கும், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வரிசைத் தலைப்பில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைக்கோடியில் கொஞ்சம் எடுக்க வேண்டும். கோழியின் காலைத் தராசுக் கொக்கியில் மாட்டி எடையைக் குறித்தபின், இறக்கி நெஞ்செலும்பைத் தடவ வேண்டும். கத்தி மாதிரி கையில் குத்தினால் இளைத்த கோழி. எலும்பே தட்டுப்படவில்லை என்றால் கொழுத்துப்போன கோழி. முட்டையை நிறுத்திவிட்டு ஒரு வெயிலில் சுருண்டு விழும். எலும்பும் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் சதையும் மேடு கட்டி நிற்க வேண்டும். கண்ணை நம்பவே கூடாது. எலும்பும் தோலுமான கோழி இறகை உப்பிக்கொண்டு நின்றால் பொங்கல் பானை மாதிரி தெரியும். தராசும் பேட்டரி இறங்கினால் பொய் சொல்லும். என் கை பொய் சொல்லாது.

கோழிகளை முடித்துவிட்டுத் தீவன அறைக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, என்னையும் கொக்கியில மாட்டப் போறீங்களா?" என்றாள்.

"மாட்டீருவேன். கொக்கி தாங்காது."

மூட்டைத் தராசில் ஏறி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள், என்னவோ ஊசி போடப்போகிற மாதிரி.

ஜூலை 1

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் வைத்தாயிற்று. பிடித்தது நான். உருண்டை என்று சொல்ல முடியாது, சப்பட்டையாகத்தான் வந்தது. காலையில் இரண்டு அவித்த முட்டை, பதினொரு மணிக்கு ராகிக் கஞ்சி, மதியம் சோறு பருப்பு நெய், மாலையில் உருண்டை, படுக்கும் முன் பால். கோழிக்கு வைப்பதுபோலவே ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறேன்.

பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறாள். இதற்கும் கொட்டகையில் வழி இருக்கிறது. தொட்டியில் தீவனம் கிடந்தாலும் கோழி ஒரு மட்டத்துக்கு மேல் தின்னாது. நடந்துகொண்டே கையால் கிளறிவிட்டால், புதிதாகப் போட்டார்கள் என்று நினைத்து மறுபடி கழுத்தை நீட்டும். அவள் தள்ளிய தட்டை அடுப்படிக்கு எடுத்துப்போய், சோற்றைக் கிளறி, மேலே ஒரு சொட்டு நெய் விட்டு, புதிதுபோலக் கொண்டுவந்து வைத்தேன்.

"இது அதே சோறுதானுங்களே."

"தெரிஞ்சா உண்ணு, தெரியாட்டியும் உண்ணு."

சிரித்துக்கொண்டே நாலு வாய் உண்டாள்.

ஜூலை 3

மோட்டார் காயில் போய்விட்டது. நாள் முழுக்க அதோடு போராட்டம். பாவாத்தாள் கஞ்சி முழுவதும் குடித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

முதலில் காட்டியது 41 கிலோ 700. எனக்கு வாயெல்லாம் பல். திரும்பினால் தண்ணீர்க் குடத்தின்மேல் பெரிய சொம்பு கவிழ்ந்து கிடக்கிறது, இன்னும் சொட்டிக்கொண்டு.

"எவ்வளவு குடிச்ச?"

"தாகமா இருந்துதுங்க."

"தீனிப்பை நெறஞ்ச கோழிய எடை போடறவன் தன்னையே ஏமாத்திக்கறான், தெரியுமல்ல?"

"அரைக் கிலோ ஏறுனா நீங்க சிரிப்பீங்கன்னு பாத்தனுங்க" என்றாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது! இனிமேல் எழுந்தவுடன், பச்சைத் தண்ணீர் வாயில் படுமுன் எடை. சட்டம் போட்டுவிட்டேன். சரியான எடை 41 என்றே குறித்துக்கொள்கிறேன்.

கோழி 1,470. வெயிலுக்குத் தின்பதில்லை.

ஜூலை 9

தீவன நேரத்தை மாற்றினேன். விடிவதற்குள் பாதி, பொழுது சாய்ந்தபின் மீதி. நடுப்பகல் வெயிலில் தொட்டியை நிரப்பி வைப்பதில் புண்ணியமில்லை.

பாத்திரம் கழுவும்போது பாவாத்தாளின் கண்ணாடி வளையல் இரண்டு கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. சோப்பு வழுக்கியிருக்கும். பாத்திரத்தை இனி நான் கழுவுகிறேன் என்றேன். "நீங்க கழுவுனா நான் மறுபடியும் கழுவோணும்" என்றாள். வாய்க்கு மட்டும் இளைப்பே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பாவாத்தாள் 42 கிலோ 300!

வெறும் வயிறு. சொம்பை நானே ஒளித்து வைத்திருந்தேன். தராசில் பேட்டரி புதிது. இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. ஒரு தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடலாம்போல இருந்தது.

பாவாடை நாடா இறுக்குகிறதாம், தளர்த்திக் கட்டியிருக்கிறாள். மகள் சுகுணாவுக்குத் திருப்பூருக்குப் போன் போட்டு, வரும்போது லூசாக இரண்டு நைட்டி வாங்கிவா என்று சொன்னாள். நான் போனைப் பிடுங்கி, "உங்கம்மாளுக்கு இடுப்பு பெருத்துப்போச்சு கண்ணு, என்னோட வேலை" என்றேன். அந்தப் பக்கம் சுகுணா அழுதேவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

கோழி 1,490.

ஜூலை 16

வெயில் கொஞ்சம் இறங்கியது. சோறு மட்டும் சரியாக இறங்கவில்லை. நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறாள். கிளறி வைத்தேன். ஒரு வாய். இன்னொரு தடவை கிளறினேன். எனக்காக ஒரு வாய். இவ்வளவு குறைவாக உண்டும் எடை ஏறுகிறது என்றால் எள்ளுருண்டையின் சத்துதான்.

ஜூலை 20, ஞாயிறு

பாவாத்தாள் 43 கிலோ 900. கோழி 1,500. இரண்டு பக்கமும் ஏறுமுகம்.

சுகுணாவும் மாப்பிள்ளை தனபாலும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் மேலாளர். நல்ல பிள்ளை, ஆனால் கோழியைப் பற்றிக் குழம்பில் பார்த்ததோடு சரி. கொட்டகையைச் சுற்றிக் காட்டினேன். நடு வரிசையில் ஒரு கூண்டருகே நின்றுவிட்டார்.

"மாமா, இதப் பாருங்க. கொட்டாயிலயே இதுதானுங்க நல்லா இருக்குது. கும்முன்னு."

எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். 1,900. மாப்பிள்ளை ஜெயித்த மாதிரி பார்த்தார். இறக்கி நெஞ்சைத் தடவினேன். கத்தி. கையைப் பின்னால் கொண்டுபோனேன். வயிறு தளும்பியது.

"கையக் குடுங்க மாப்ள. இங்க தொடுங்க. எலும்பு எப்படி நிக்குது? இப்ப இங்க. இது சதையில்லீங்க, தண்ணி. உள்ள முட்டக் கொடல் கெட்டுப்போனா வயித்துல நீர் கோத்துக்கும். தராசுல ஏறிக்கிட்டே போகும், உடம்பு உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டே வரும். தராச மட்டும் பாக்கறவன் ஏமாந்து போவான்."

"மருந்து குடுத்தாப் பொழைச்சுக்குமுங்களா?"

"எங்கீங்க. நீர் கோத்த கோழி பொழைச்சு நான் பாத்ததில்ல. தள்ளிவெச்சிர வேண்டியதுதான்."

திரும்பினால் பாவாத்தாள் டீ டம்ளர்களோடு கொட்டகை வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டீயில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளைக்கு ஆறின டீயைக் கொடுக்கிறாயே என்று சத்தம் போட்டேன். அவள் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு என் கையிலிருந்த கோழியையே பார்த்தாள்.

"அதத் தள்ளீராதீங்க. எங்கிட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா இருக்கட்டுமுங்க."

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு டீ கொண்டுவரவே இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

ஜூலை 22

அந்தக் கோழியை அடுப்படிக்கு வெளியே கூடையில் வைத்திருக்கிறாள். அவிழ்த்துவிட்டால் நாலு எட்டு நடக்கிறது, அப்புறம் உட்கார்ந்துகொள்கிறது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலையை நுணுக்கிப் போடுகிறாள். வியாதிக் கோழியை வீட்டுப் பக்கம் வைக்கக் கூடாது, மற்றவற்றுக்கு ஆகாது என்றேன்.

"இது ஒட்டுற வியாதியில்லைன்னு நீங்கதான மாப்ளகிட்டச் சொன்னீங்க."

நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் உண்மைதான், ஒட்டாது.

"அதுக்கு வலிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"கோழிக்கு என்ன தெரியும்."

"முட்டையிடற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும்" என்றாள். பழமொழி சொல்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஜூலை 25, ஆடி வெள்ளி

வளையல்காரி வந்தாள். வருடா வருடம் ஆடிக்கு வருகிறவள், பாவாத்தாளின் கையளவு அவளுக்கு மனப்பாடம். ரெண்டே ஆறு. இன்றைக்குக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மிணி, ரெண்டே நாலே போதுமுங்க, அதுவே லூசா இருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று கிலோ ஏறின கைக்கு வளையல் எப்படிச் சின்னதாகும்? கண் பூத்துவிட்டதா என்று கேட்டேன். வளையல்காரி என்னையும் பார்த்தாள், பாவாத்தாளையும் பார்த்தாள், ரெண்டே நாலு பச்சை வளையலை மாட்டிவிட்டாள். சோப்பே இல்லாமல் சரசரவென்று ஏறியது. அந்தக் கம்பெனி அளவு அப்படி இருக்கும். இப்போது எல்லாவற்றிலும் அளவு மாறிவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

பாவாத்தாள் 45 கிலோ 200. இன்னும் எண்ணூறு கிராம்தான்.

தராசில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதம் வீங்கியிருக்கிறது, அழுத்தினால் குழி விழுகிறது. கோழிக் கூடையருகே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே கிடந்தால் வீங்காதா? சொன்னால் கேட்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு நாளாகத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்குகிறாள். வாயுவாக இருக்கும். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன்.

"ஆப்ரேசன் முடிஞ்சா உன்னையக் கொடுமுடிக்குக் கூட்டீட்டுப் போறேன்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஆடிப்பெருக்குக்கு மோகனூர் போலாமுங்க. ஆத்தப் பாக்கோணும்."

"ஆப்ரேசனுக்கு அப்பறமும் ஆறு அங்கயேதான் இருக்கும்."

"ஆறு இருக்குமுங்க" என்றாள்.

கோழி 1,510. நெஞ்சில் சதை நன்றாகக் கட்டியிருக்கிறது.

ஜூலை 30

தீவன வண்டி வந்தது. பாவாத்தாள் மதியம் உண்ணவில்லை. காலையில் உண்டதே நிறைந்து நிற்கிறதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாவாத்தாள் 46 கிலோ 300. ஆடிப்பெருக்கு. மோகனூர் போய்வந்தோம். கோழி எடை பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்றைக்கும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

காலையில் தராசு நாற்பத்தாறைத் தாண்டியதும் நான் கையைத் தட்டினேன். அவளும் சிரித்தாள். காரைக் கூப்பிட்டுக்கொண்டு மோகனூர் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். படித்துறையில் கூட்டம் நெருக்கியது. புதுப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாளும் மஞ்சளைத் தண்ணீரில் விட்டாள், புதுக் கயிறு மாற்றிக்கொண்டாள், வெகுநேரம் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "உங்களுக்கு ஒழுங்கா உருண்டை புடிக்க வரோணும்னு" என்றாள்.

திரும்பி ஏறும்போது மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஊர் பார்க்க நான் அவளைத் தொட்டதில்லை. நேற்று யாரையும் பார்க்கவில்லை. முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

என் கை என்னைக் கேட்காமல் அதன் வேலையைப் பார்த்தது. தோள்பட்டை எலும்பு. அதன் கீழே விலா, ஒவ்வொன்றும் தனித்தனியாக. நடுவில் சதை என்று ஒன்றுமே இல்லை. வயிறு என் மார்பில் இடித்தது. நான் ஒரு படி ஏறினால் அதுவும் ஒரு தடவை தளும்பியது.

தூக்கிக்கொண்டே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் நகருங்கள் என்றார்கள். பாவாத்தாள் என் முகத்தையே பார்த்தாள்.

"எவ்வளவுங்க இருக்கறேன்?"

"கனமாத்தான் இருக்கற" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கோழிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். கோழி கொக்கரிக்கிற சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 6

நேற்றிலிருந்து சேலத்தில் ஆஸ்பத்திரி. வயிற்றிலிருந்து நீரை இறக்கினார்கள். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். சுகுணா உள்ளே போய்வந்தாள். நைட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். கட்டி வயிறு முழுக்கப் பரவிவிட்டது, அதனால்தான் நீர் கோத்தது, இனி அறுப்பதற்கு இல்லை என்றார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே வைத்து அவங்களுக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

"முன்னாடியே கூட்டியாந்திருந்தா?" என்று சுகுணா கேட்டாள்.

பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். நல்ல மனுஷன். அப்படித்தான் சொல்வார்.

நீர் இறக்கியபின் நர்ஸ் எடை பார்த்தாள். சீட்டில் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காதவன் மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8

இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மாப்ளகிட்டக் கோழியப் பத்திச் சொன்னீங்கல்லங்க, அன்னைக்கே. டீ டம்ளர வெச்சுட்டு உள்ள போயி நானே என் நெஞ்சத் தடவிப் பாத்துட்டேன்."

"ஏம் புள்ள சொல்லல?"

"ஞாயித்துக்கெழமையானா உங்க மூஞ்சி அப்படியே பூத்துப்போகுது. தராசுக்கிட்ட நின்னுக்கிட்டு நீங்க சிரிக்கறதப் பாத்தா சொல்ல வாய் வரலீங்க. இன்னொரு வாரம் சிரிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஊர்க் கோழியையெல்லாம் தடவித் தடவிப் பார்க்கிற கை. வீட்டில் ஒருத்தியைத் தராசில் ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று நம்பரைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அன்றைக்கு அவ்வளவு பாடம் நடத்தினேனே, எனக்கு ஏன் கேட்கவில்லை? கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன். மிச்சமிருந்த அந்த எண்ணூறு கிராம் அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

ஆகஸ்ட் 12

வீட்டுக்கு வந்துவிட்டோம். காரை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது கூடைக் கோழியைத்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீரும் தீவனமும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கூடையை வைக்கச் சொன்னாள். வைத்தேன். வியாதி, வீடு என்று ஒன்றும் பேசவில்லை.

மீதமிருந்த எள்ளுருண்டைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. டப்பாவோடு அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

சுகுணா திருப்பூருக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டாள். தினமும் அம்மாவுக்குத் தலை சீவிவிடுகிறாள். பச்சை வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகின்றன.

ஆகஸ்ட் 15

விடிகாலையில் பார்த்தால் கோழி செத்துக் கிடந்தது. பாவாத்தாள் விழிக்கும் முன் கூடையோடு எடுத்துப்போய் வேலியோரம் புதைத்தேன்.

எழுந்ததும் கேட்டாள்.

"தேறிக்கிச்சு புள்ள. வயித்துல நீரெல்லாம் வத்திப்போச்சு. கொட்டாயிக்கே கொண்டுபோயி விட்டுட்டேன்" என்றேன்.

"அப்படீங்களா" என்றாள். என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சுங்க."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் போய்விட்டது. கோழி என்ன பாவம் செய்தது என்று இன்றைக்குக் காலையில் கொக்கியை எடுத்தேன். தலைப்பு, நடு, கடைக்கோடி. இந்தப் பருவத்தில் இவ்வளவு சரியாக வந்ததே இல்லை. நெஞ்சில் எலும்பும் தெரிகிறது, இரண்டு பக்கமும் சதையும் நிற்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எப்போதும் சொல்கிற ஆளிடம்தான் சொல்ல முடியும்.

உள்ளே போனேன். சுகுணா கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், நீங்களே பாருங்கப்பா என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

"கோழி எவ்வளவுங்க?" என்று கேட்டாள் பாவாத்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

சொன்னேன். கண்ணை மூடித் திறந்தாள்.

"என்னைய எடை போடலீங்களா? ஞாயித்துக்கெழமையாச்சே."

"தராசுமேல மூட்டை கெடக்குது."

"தராசு எதுக்குங்க. ஆத்துல தூக்குனாப்புல தூக்கிப் பாருங்க. உங்க கைதான் பொய் சொல்லாதே."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை. தூக்கினேன். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டே ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து கொட்டகை முழுவதும் தெரியும். கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவுங்க?"

"நாப்பத்தாறு."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்லீங்களே" என்று சிரித்தாள். "அப்ப டாக்டருகிட்டப் போயிரலாமுங்க."

"போலாம். நாள் குறிச்சுட்டு வரலாம்."

படுக்கவைத்தேன். கஞ்சி ஏடு கட்டியிருந்தது. அடுப்படிக்கு எடுத்துப்போய், கிளறி, புதிதுபோலக் கொண்டுவந்தேன். அதே கஞ்சிதானுங்களே என்று இந்தத் தடவை சொல்லவில்லை. இரண்டு வாய் குடித்தாள்.

கோழி சராசரி 1,530 கிராம். பாவாத்தாள் 46 கிலோ.